பேச்சி கட்டிய வீடு

ஷிப்ட் முடிந்து லாக்கரைத் திறந்தபோது போனில் பேச்சியின் பெயரில் வரிசையாக மிஸ்டு கால். கோயில் கொடைத் திருவிழாவுக்கென்று லீவு போட்டு ஊருக்குப் போனவள், காய்ச்சல் என்று சொல்லி லீவை நீட்டிக்கொண்டே இருந்தாள். கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டு திருப்பிக் கூப்பிட்டேன். எடுத்த உடனே, "இன்னாடி, ஊர்லியே செட்டில் ஆயிட்டியா? வர்ற ஐடியா கீதா இல்லியா?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் ஓர் ஆண் குரல் தொண்டையைச் செருமிக்கொண்டது. "நான் பேச்சிக்கு மாமா பேசுதேம்மா. புள்ள விடியக்காலம் தவறிட்டா" என்றார். துக்க வீட்டில் இருக்கிறவரிடம் இப்படிப் பேசிவிட்டோமே என்றுதான் முதலில் தோன்றியது. மற்றதெல்லாம் பிறகுதான் உறைத்தது. வடக்குப்பட்டில் இறங்க வேண்டியவள் இறங்கவில்லை. படப்பையில் எல்லோரும் இறங்கிய பிறகு டிரைவர் திரும்பிப் பார்த்து, "இன்னாக்கா, வூட்டுக்குப் போவலியா?" என்றார். இறங்கி ஷேர் ஆட்டோக்கள் நடுவில் நின்றேன். எந்த ஆட்டோவில் ஏறுவது என்று தெரியவில்லை.

செகண்ட் ஷிப்ட் பெண்களே, பேச்சிக்கு அஞ்சலிக் கூட்டம் வைக்கிறோம், அவளைப் பற்றி நாலு வார்த்தை பேசுங்கள் அக்கா என்று கேட்டீர்கள். எல்லோர் முன்னாலும் நின்றால் எனக்கு வாய் வராது. எழுதித் தருகிறேன், யாராவது படித்துவிடுங்கள். ஏழாவதோடு நின்றவள் நான். பிழை இருந்தால் படிக்கிறபோதே திருத்திக்கொள்ளுங்கள்.

நீங்கள் அவளை அசெம்ப்ளி லைனில் தொப்பியும் நீலக் கோட்டுமாகப் பார்த்தவர்கள். பேர்தான் பேச்சி, பேச்சே கிடையாது என்று கேலி செய்தவர்கள். கூடவே குடியிருந்த நானும் அவளோடு அதிகம் பேசியதில்லை. அதற்குக் காரணம் வேறு. ஹவுஸ்கீப்பிங்கில் எனக்கு எப்போதும் காலை ஷிப்ட், அவளுக்கு எப்போதும் செகண்ட் ஷிப்ட். நான் கிளம்பும்போது அவள் தூங்குவாள். நான் திரும்பும்போது அவள் வேலைக்குப் போயிருப்பாள். அவள் வரும்போது நான் தூங்கியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமைதான் இரண்டு பேரும் விழித்தபடி முகம் பார்ப்போம்.

என் வீட்டுக்காரர் இறந்து, பிள்ளைப்பாக்கத்து வீடும் கையை விட்டுப் போன பிறகு வடக்குப்பட்டில் நான் எடுத்த ஒற்றை அறையில்தான் இருந்தோம். துணைக்கு ஒரு பெண் வேண்டும் என்று கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியிடம் சொல்லி வைத்திருந்தேன். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண் என்று அவள் ஒரு பையும் வாளியுமாக வந்து நின்றாள். அறையில் இருந்தது ஒரே கட்டில். "நீங்க மேல படுங்கக்கா. எனக்குத் தரையிலதான் உறக்கம் வரும்" என்று பாயை விரித்துக்கொண்டாள்.

தீபாவளி போனஸில் நீங்கள் தோடு வாங்கினீர்கள், போன் வாங்கினீர்கள். அவள் டிவியில் மாட்டி விளையாடுகிற கேம் பெட்டி வாங்கிக்கொண்டு வந்தாள். ஊருக்குத் திரும்பிப் போகிற ஒரு ஜப்பான் இன்ஜினியர் அதை விற்றுவிட்டுப் போனார், அவருடைய டிரைவர் வழியாகப் பேசி முடித்திருக்கிறாள். கறுப்புப் பெட்டி, அம்மிக்கல் கனம். அந்த ஊர் கரண்டுக்குச் செய்தது என்பதால் கூடவே ஒரு டிரான்ஸ்பார்மர் வேறு. "பொட்டப் புள்ளைக்கு எதுக்குடி இது?" என்று கேட்டேன். "ஆம்பளப் புள்ளைக்கு மட்டும் எதுக்காம்?" என்றாள்.

அதில் ஒரு விளையாட்டு இருந்தது. சண்டை கிடையாது, துப்பாக்கி கிடையாது. கடலோரமாக ஒரு துண்டு நிலம் கொடுப்பார்கள். மரம் வெட்டி, கல் சுமந்து அதில் வீடு கட்ட வேண்டும். செடி வைக்கலாம், தண்ணீர் ஊற்றலாம். எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. கையில் பிடிக்கிற கட்டையில் ஒரு வட்டமும் ஒரு பெருக்கல் குறியும் இருந்தன. பெட்டி ஏதாவது கேட்கும், இரண்டில் ஒன்றை அமுக்க வேண்டும். நான் பெருக்கலையே அமுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு கல்கூட நகரவில்லை.

"யக்கா, வட்டம்தான் சரி. பெருக்கல்னா வேண்டாம்னு அர்த்தம். நம்ம லைன்ல நல்ல பீஸுக்கு வட்டந்தான போடுதோம்?"

"எங்க ஸ்கூல்ல வட்டம்னா முட்டைடி."

"அப்பப் பெருக்கல்?"

"அது கையெழுத்துப் போடற எடம். எந்த ஆபீசுக்குப் போனாலும் பெருக்கல் போட்டுக் குடுத்து, இங்க போடும்மான்றான்."

அவள் பாயில் விழுந்து புரண்டு சிரித்தாள். அவள் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அப்போதுதான்.

அதற்குப் பிறகு நாங்கள் அந்த வீட்டில்தான் குடித்தனம் நடத்தினோம். காலையில் அவள் விளையாடிவிட்டுப் போவாள். சாயங்காலம் நான் வந்து டிவியைப் போட்டால், முந்தின நாள் நான் விட்டுப்போன சுவர் ஒரு வரிசை உயர்ந்திருக்கும். வாசல் பக்கம் புதுச் செடி இருக்கும். நான் குளியலறை கட்டி வைத்தால், மறுநாள் அதற்குக் கதவு போட்டிருப்பாள். பேசிக்கொள்ளாமலே எவ்வளவோ பேசினோம். மாடியில் இரண்டு கட்டில் போட்டாள். ஒன்று எனக்கு.

பிறகு ஒரு நாள் அந்தப் பெட்டி, நாங்கள் செய்ததை இனிமேல் வைத்துக்கொள்ள மாட்டேன் என்றது. உள்ளே இருக்கிற டிஸ்க் நிறைந்துவிட்டதாம், பேச்சி கம்பெனியில் யாரிடமோ கேட்டு வந்து சொன்னாள். இன்ஜினியர் எதையும் அழிக்காமலே விற்றிருந்தார். அவர் குழந்தையின் போட்டோக்கள், வீடியோக்கள் எல்லாம் அப்படியே கிடந்தன. குட்டைப் பாவாடையில், முன்பல் விழுந்த ஒரு பெண் குழந்தை. "அத்த அழிச்சுட்டா எடம் வந்துடுமில்ல?" என்று கேட்டேன். பேச்சி என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"அடுத்தவுக புள்ள போட்டோவ நான் எப்பிடிக்கா அழிக்க? இடம் பத்தலன்னா இடத்தத்தான் பெருசாக்கணும். இருக்கவுகள வெளிய அனுப்பப்படாது."

அந்த வார்த்தையை அவள் என்னவோ டிஸ்க்கைப் பற்றித்தான் சொன்னாள். வீடு போனவள் நான். எனக்கு அது வேறு எங்கோ போய்த் தைத்தது.

படப்பையில் லாப்டாப் ரிப்பேர் கடைக்காரரிடம் பெரிய டிஸ்க் ஒன்று வாங்கி வந்தாள். "பழசைத் தூக்கிப் போட்டுடாதம்மா. ஆனா அது வேற எதுலயும் தொறக்காது. அந்தப் பொட்டி ஒண்ணுதான் அதுக்கு வாசல்" என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சமையலைக்கூட ஒத்திவைத்துவிட்டு உட்கார்ந்தோம். வீட்டை முதலில் பென் டிரைவில் நகல் எடுத்தாள். பிறகு ஒயரைப் பிடுங்கினாள். பெட்டியைத் தொடுவதற்கு முன்னால் எழுந்து போய் ஜன்னல் கம்பியைத் தொட்டாள். சாமி கும்பிடுகிறாளோ என்று நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். "உடம்புல நிக்க கரண்டு போகட்டும்னு தொட்டேன்க்கா. லைன்ல கையில பட்டை கட்டுவோம்லா, அது மாதிரி" என்றாள். கழற்றிய ஸ்குரூக்களைச் சாப்பாட்டுத் தட்டில் கழற்றிய வரிசையிலேயே வைத்தாள். ஃபேனை நிறுத்தச் சொன்னாள். பழைய டிஸ்க்கை இழுத்து எடுத்தாள். சோப்புப் பெட்டி அளவுதான் இருந்தது. நான் வேலை செய்கிற இடத்திலிருந்து லைன் தெரியாது. அவள் வேலை செய்யும்போது கை எப்படிப் போகும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரு ஸ்குரூவைக்கூட அவள் இறுக்கித் திருகவில்லை. கடைசிச் சுற்றில் விரல் நுனியால் கேட்டுக் கேட்டு நிறுத்தினாள்.

புது டிஸ்க்கை மாட்டிப் பெட்டியைப் போட்டதும் ஏதோ கேட்டது. வட்டத்தை அமுக்கினோம். பென் டிரைவில் இருந்ததை உள்ளே ஏற்றினோம். வீடு வந்தது. ஆனால் எங்கள் வீடு இல்லை. மாடியே கிடையாது. சுவரெல்லாம் ரோஸ் கலர், உள்ளே ஒரு குட்டிக் கட்டில், வாசல் முழுக்க வாத்து. அந்த ஜப்பான் குழந்தை கட்டிய வீடு! இரண்டு வீட்டுக்கும் பெட்டி காட்டுகிற குட்டிப் படம் ஒன்றுபோலவே இருக்க, பேச்சி தப்பானதை நகல் எடுத்திருக்கிறாள்.

எங்கள் வீடு போயே போய்விட்டது என்று நினைத்தேன். கல்யாணமாகி வந்த வீடு போனபோது அழாதவள், அந்த வாத்துகளைப் பார்த்து அழுதேன். "இருங்கக்கா, பழசு கையிலதான இருக்கு" என்று பேச்சி மறுபடியும் ஜன்னல் கம்பியைத் தொட்டாள். மறுபடியும் எல்லாவற்றையும் கழற்றி, பழைய டிஸ்க்கை மாட்டி, பெட்டியைப் போட்டாள். மாடியும் இரண்டு கட்டிலும் அங்கேயே இருந்தன. அதை நகல் எடுத்துப் புது டிஸ்க்கில் ஏற்றி முடிக்கும்போது வெளியே வெயில் சாய்ந்திருந்தது. குழந்தையின் வீட்டையும் அவள் அழிக்கவில்லை. "அதுவும் ஒரு மூலையில இருந்துட்டுப் போகுது, இப்பந்தான் இடம் இருக்கே" என்றாள்.

அவள் போன பிறகு எனக்கு ஒரே ஒரு பயம். அவளுடைய சாமானை எடுக்க அவள் வீட்டிலிருந்து வருவார்கள், பெட்டியும் அவளுடையதுதான், எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? காரியம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மாவும் மாமாவும் வந்தார்கள். அம்மா காபியைத் தொடவில்லை. பையிலிருந்து பேச்சியின் துணிகளை எடுத்து ஒவ்வொன்றாக மடித்துவிட்டு என்னிடம், "அந்த வீட்டக் காட்டு தாயி. பாத்துட்டுப் போயிருதோம்" என்றார்.

"எந்த வூடும்மா?"

"நீயும் அவளும் சேந்து கட்டினீகள்லா, அந்த வீடு. மாடிக்குப் படி வச்சாச்சு, தோட்டம் போட்டாச்சுன்னு வாரா வாரம் போன்ல சொல்லுவா."

"பத்திரம் யாரு பேருல இருக்கு?" என்று மாமா கேட்டார்.

பேச்சி பொய் சொல்கிறவள் இல்லை. அவள் வீடு என்று சொன்னாள், அம்மா வீடு என்று கேட்டுக்கொண்டார். படப்பை ரோட்டில் இரண்டு பக்கமும் பிளாட் போட்டுக் கொடி கட்டியிருப்பதைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். இதில் எது நம் பிள்ளை வாங்கியது என்று தேடியிருப்பார்கள். நான் எழுந்து பெட்டியையும் டிவியையும் போட்டேன். கடல் வந்தது. வீடு வந்தது.

"இதாம்மா அந்த வூடு" என்றேன்.

"என்னது, சினிமாவா?"

"கேம்."

"இதுக்கா ராத்திரி பூரா பஸ்ஸுல உக்காந்து வந்தோம்?" என்று மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அம்மா போகவில்லை. டிவிக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, முந்தானையால் அதன் கண்ணாடியைத் துடைத்தார். "உள்ள போ" என்றார். கதவைத் திறந்து உள்ளே போனேன். படி ஏறினேன். "அவ எங்கன படுப்பா?" என்று கேட்டார். ஜன்னல் ஓரக் கட்டிலைக் காட்டினேன். "காத்து வரும்லா" என்றார். "வரும்மா" என்றேன்.

அதற்கு மேல் என்னால் மனசுக்குள் வைத்திருக்க முடியவில்லை. "எடுத்துக்கினு போங்கம்மா. உங்க வூட்ல கவர்மென்ட் டிவி கீதில்ல, அதுலயே தெரியும். எப்டிப் போடறதுன்னு நான் சொல்லித் தரேன்" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நான் எடுத்துட்டுப் போயிட்டா நீ எங்கன இருப்ப?" என்றார். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வீட்டப் பூட்டிப் போடப்படாது. ஆளு இருக்கணும். நீ இரு" என்று சொல்லி, துணிப்பையையும் வாளியையும் மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

பெண்களே, அவளுடையது என்று என்னிடம் இருப்பது அந்த வீடுதான். வேலை விட்டு வந்ததும் போய்த் திறக்கிறேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். நேற்று நான் பாதியில் விட்ட சுவர் பாதியிலேயே நிற்கிறது. அவள் கட்டில் பக்கம் விளக்கைப் போட்டுவிட்டு, மிச்சச் சுவரை நானே வைக்கிறேன். உங்களில் யாருக்காவது ஷிப்டுக்குக் கிளம்பும் முன் கொஞ்ச நேரம் கிடைத்தால் வாருங்கள். சாவி பக்கத்து வீட்டில் இருக்கும். சாயங்காலத்தை நான் பார்த்துக்கொள்வேன். காலையில்தான் அந்த வீட்டில் ஆள் இல்லை.