மெக்கானிக்கலுக்கு ஒரு ஆள் குறைகிறது

பொறியியல் கல்லூரி ஆசிரியருக்கு வருடத்தில் இரண்டு பருவங்கள்: பாடம் நடத்தும் பருவம், பாடம் கேட்க ஆள் தேடும் பருவம். கழுத்தில் அடையாள அட்டை, கையில் விளம்பரக் கட்டு, தலைக்குத் துப்பட்டா என்று மே மாத வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கிய சக ஜீவன்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் ஆவடிக்கு அப்பால் ஒரு தனியார் கல்லூரியில் மெக்கானிக்கல் மாணவர்களுக்குத் தெர்மோடைனமிக்ஸ் நடத்துகிறவள். மணி அடித்த பிறகு யார் வந்தாலும் கதவைத் திறக்க மாட்டேன், அட்டெண்டன்ஸும் கிடையாது. இதனால் பிள்ளைகளிடம் எனக்கு நல்ல பெயர் இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

முதல்வரின் ஆறுதல்

போன கோடையில் முதல்வர் என்னை அறைக்கு அழைத்தார். கம்ப்யூட்டர் என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கும் பிரிவுகளெல்லாம் நிரம்பி வழிகின்றன, மெக்கானிக்கலை மட்டும் யாரும் சீண்டுவதில்லை. இந்த வருடம் ஒரு வகுப்புக்காவது ஆள் சேராவிட்டால் துறையையே மூடிவிடுவது என்று நிர்வாகம் முடிவு செய்திருந்தது.

எனக்கு வேறு எதுவும் தெரியாது. படித்ததும் இதுதான், பிழைப்பும் இதுதான். இந்த வயதில் வேறு எந்தக் கல்லூரி என்னைக் கூப்பிட்டு நாற்காலி போடும்? என் முகம் போன போக்கைப் பார்த்து முதல்வர் மனமிரங்கினார்.

“கவலைப்படாதீங்க மேடம். டிபார்ட்மென்ட் போனா என்ன, லேடீஸ் ஹாஸ்டலுக்கு ஒரு நல்ல வார்டன் வேணும்னு ரொம்ப நாளா தேடிக்கிட்டிருக்கோம்.”

குடைக்கடை

மறுநாளே நானும் முருகேசன் சாரும் திருமுல்லைவாயில் ஸ்டேஷன் வாசலில் ஒரு மேசையும் பெரிய குடையும் போட்டு உட்கார்ந்துவிட்டோம். முருகேசன் எங்கள் துறைக்காரர், வெப்பப் பரிமாற்றத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். அன்று அதைத் தன் உடம்பிலேயே செய்து காட்டிக்கொண்டிருந்தார்.

காலையிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் நாங்கள் சிம் கார்டு விற்கிறோம் என்றே நினைத்தார்கள். ஒருவர் ஆதார் அட்டையைக்கூட எடுத்து நீட்டிவிட்டார். கடைசியாக லுங்கியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர் நின்று, முருகேசன் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். மெக்கானிக்கலின் எதிர்காலம் பற்றி முருகேசன் அன்று பேசியதைப் போல வகுப்பில் ஒரு நாளும் பேசியிருக்க மாட்டார். எங்களுக்கு நம்பிக்கை துளிர்த்தது. பெரியவர் எங்கள் இருவரையும் பரிதாபமாகப் பார்த்தார்.

“இன்ஜினியரு தான மேடம் வோணும்? நம்ம ஊட்ல ரெண்டு பேரு பட்ச்சிட்டு சும்மா கீறானுங்க. இப்பவே இட்டுகினு போங்க.”

பழக்க தோஷம்

அடுத்தது ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பு. கதவைத் திறந்தவர் திருநெல்வேலிக்காரர், மனைவியும் நல்ல உபசரிப்பு. காபி வந்தது, முறுக்கு வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பையன் சோபா நுனியில் வந்து உட்கார்ந்தான். மெக்கானிக்கல் பிடிக்கும் என்று அவனே சொன்னான். அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு முறுக்கைக் கடித்திருக்க வேண்டும்.

ஒரு மாணவனையும் ஒரு காபி டம்ளரையும் சேர்த்துப் பார்த்தால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. “இந்தக் காபி ஆறுதே தம்பி, இதிலிருக்கிற சூடு எங்கே போகுது?” என்று கேட்டுவிட்டேன். அவன் ஏதோ சொன்னான், தப்பு. “யோசிச்சுச் சொல்லு” என்றேன். முருகேசன் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். பையன் மெல்ல எழுந்து உள்ளே போனவன் திரும்பி வரவில்லை. அறைக்கதவு தாழ் போடும் சத்தம் மட்டும் கேட்டது. அப்பா எங்களை வாசல் வரை கொண்டுவந்து விட்டார்.

“இப்பத்தான பரிட்சை முடிஞ்சு பிள்ளை நிம்மதியா தூங்குதான். அதுக்குள்ள வீட்டுக்கே வந்து கேள்வி கேக்கியளே டீச்சர்!”

எல்லோரும் கேட்கும் கேள்வி

சக ஜீவன்களே, இந்தக் கேள்வியை நீங்களும் சந்தித்திருப்பீர்கள். “உங்க பிள்ளை என்னம்மா படிக்குது?” என் மகன் நகரத்துக்குள் ஒரு கல்லூரியில் பி.காம். படிக்கிறான். என்னைப் பார்த்துப் பார்த்தே பொறியியல் வேண்டாமென்று முடிவு செய்தவன்.

வேப்பம்பட்டில் ஒரு மளிகைக்கடைக்காரர் இதைக் கேட்டபோது முருகேசன் பேச்சை மாற்றப் பார்த்தார், இருமினார், தண்ணீர் கேட்டார். நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். கடைக்காரர் கோபப்படவில்லை. நான் கொடுத்த விளம்பரத்தாளின் பின்பக்கத்தைத் திருப்பி, காதில் செருகியிருந்த பேனாவை எடுத்தார்.

“அப்ப அந்த காலேஜ் பேரைச் சொல்லுங்க மேடம், எழுதிக்கிறேன்.”

பச்சை லேத்து

வீடு தேடிப் போய் பயனில்லை, பெற்றோரைக் கல்லூரிக்கே வரவழைத்து ஆய்வகத்தைக் காட்டுவோம் என்று முடிவானது. ஆய்வகத்தில் இரும்பு சீவும் எங்கள் பழைய லேத்து துருவேறிப் போயிருந்தது. உதவியாளர் ஏழுமலை முதல் நாள் சாயங்காலம் அதற்குப் பளபளவென்று பச்சை பெயிண்ட் அடித்து வைத்தார். காயுமா என்று யாரும் யோசிக்கவில்லை.

அயனம்பாக்கத்திலிருந்து ஓர் அம்மா மகளோடு வந்திருந்தார். ஊரில் பயிர் வைத்த குடும்பம், இப்போது வீட்டுக்காரர் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். மகள் ஜனனி, “இது ஓடுமா மேம்?” என்று லேத்தைக் காட்டினாள். ஓட்டிக் காட்டினேன். இரும்பு சுருள் சுருளாகச் சீவிக்கொண்டு விழுவதை அவள் கண் கொட்டாமல் பார்த்தாள். அப்படிப் பார்க்கும் ஒரு முகத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! சந்தோஷத்தில் இன்னொரு இரும்புத் துண்டையும் மாட்டி ஓட்டினேன். அந்த அம்மாவும் மகளின் முகத்தையே பார்த்தபடி லேத்து மேல் நன்றாகச் சாய்ந்துகொண்டிருந்தார்.

“மிசினு பாக்கத்தான கூப்டீங்க? பொடவைக்கும் சேத்து பெயிண்ட் அட்ச்சி அனுப்புறீங்களே, இன்னா மேடம் நாயம் இது?”

கடைசி நாள்

சேர்க்கையின் கடைசி நாள் சாயங்காலம். எப்படியோ தட்டுத் தடுமாறி ஒரே ஓர் ஆள் குறைகிற இடம் வரை வந்திருந்தோம். அப்போது ஜனனியின் அம்மா மகளோடு படியேறி வந்தார். புடவைக்கு நியாயம் கேட்கத்தான் வருகிறார் என்று நான் மன்னிப்பிலேயே ஆரம்பித்தேன். முருகேசன் வேலைவாய்ப்பு, ஆய்வகம் என்று மூச்சு விடாமல் அடுக்கினார். அந்த அம்மா கையை உயர்த்தி நிறுத்தினார். இரண்டு மூன்று கல்லூரிகள் பார்த்துவிட்டார்களாம். ஜனனி இங்கேதான் சேருவேன் என்கிறாளாம். அவருக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரிய வேண்டும்: ஏரிக்கரை ரோட்டில் நாய்த் தொல்லை, பெண்ணைத் தனியாக விட முடியாது, கல்லூரி பஸ் அவர்கள் தெருவுக்கு வருமா?

நானும் அயனம்பாக்கம்தான், ஏரிக்கரை ரோட்டின் மறுமுனையில். இத்தனை வருடமாகக் கல்லூரி பஸ் என் வீட்டு வாசலில் நின்று என்னை ஏற்றிக்கொண்டு போகிறது. உடனே டிரைவர் கஜேந்திரனைக் கூப்பிட்டேன். அவர் தலையைச் சொறிந்தார்.

“ரெண்டு பக்கமும் சுத்துனா மணி அடிக்கிறதுக்குள்ள வந்து சேர முடியாது மேடம். லேட்டானா நீங்கதான் கதவ சாத்துவீங்க. அவங்க தெருவா, உங்க தெருவா, நீங்களே சொல்லுங்க.”

ஏரிக்கரை

நான் தியாகி இல்லை. ஒரு கணம் என் வாசல் கேட்டைத்தான் நினைத்தேன், அடுத்த கணம் ஹாஸ்டல் வார்டன் அறை கண்ணில் வந்தது. ஜனனி வேறு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அவங்க தெரு” என்றேன்.

வகுப்பு தொடங்கிய முதல் நாள் ஏரிக்கரை ரோட்டில் நடந்தேன். நாய்கள் விஷயத்தில் அந்த அம்மா துளியும் மிகைப்படுத்தவில்லை. நான் ஒரு மின்கம்பத்தின் பின்னால் நின்று, கெஞ்சி, கைப்பையை ஆட்டி, கடைசியில் ஓடி, ஜனனியின் தெருமுனைக்கு வந்து சேர்ந்தபோது பஸ் எனக்காக நின்றுகொண்டிருந்தது. கஜேந்திரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள் நீண்டன. “மேம் லேட்டு! அட்டெண்டன்ஸ் கட்!” என்று என் மூன்றாமாண்டுப் பிள்ளைகள் ஒரே குரலில் கத்தினார்கள். எத்தனை நாள் காத்திருந்தார்களோ. மகளை ஏற்றிவிட வந்த ஜனனியின் அம்மா இடுப்பில் கை வைத்து அவர்களை அதட்டினார்.

“சும்மா கெடங்கடா! பாவம், மேடமே நாய்க்கு பயந்து பயந்து ஓடியாந்துகினு கீது!”

இத்தனை வருடம் தெர்மோடைனமிக்ஸ் நடத்தியும் காப்பாற்ற முடியாத ஒரு துறையை, கடைசியில் என் வீட்டு வாசல் பஸ் ஸ்டாப்பை விட்டுக்கொடுத்துக் காப்பாற்றியிருக்கிறேன் என்பதுதான் என் பொறியியல் சேவையின் மொத்தச் சுருக்கம்.