அண்டா போட்டு ஏறும் ஜீப்

என்னிடம் ஒரு ஜீப் இருந்தது. அரசாங்க ஏலத்தில் எடுத்த பழைய டீசல் ஜீப். பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டருக்கு ஜீப் எதற்கு என்று எங்கள் ஊர் முதுநகரில் கேட்காத வாய் இல்லை. கேட்டால் கேட்கட்டும், எனக்கென்ன வந்தது! அம்மா மட்டும் கேட்கவில்லை, நேராகத் திட்டினாள். "ஊர்ல அவனவன் வூட்டுக்கு ஃபிரிட்ஜ் வாங்கறான். நீ பழைய இரும்புக்காரன்கிட்ட போவ வேண்டியத வாசல்ல கொண்டாந்து நிறுத்தியிருக்க."

ஜீப் வாங்கியதற்கு முதல் காரணம் ஆசை. இரண்டாவது காரணம் அக்கா. அவளைக் கொடுத்திருந்தது சிதம்பரத்துக்குக் கிழக்கே, பிச்சாவரம் போகிற வழியில் உள்ளடங்கிய ஓர் ஊரில். ஐப்பசி பிறந்தால் போதும், தார் ரோட்டுக்கும் அந்த ஊருக்கும் நடுவில் வாய்க்கால் வழிந்து, வந்து படுத்துக்கொள்ளும். தீபாவளிக்கு முன்னால் தாய் வீட்டிலிருந்து ஒரு ஆள் வரிசைத் தட்டோடு போய்ப் பெண்ணை அழைத்து வர வேண்டும். அப்பா போன பிறகு அந்த ஆள் நான்தான்.

இரண்டாயிரத்துப் பத்து என்று நினைக்கிறேன், அந்த வருஷம் போனேன். பாதித் தண்ணீரில் ஜீப் இருமியது, அப்புறம் நின்றேவிட்டது. வாழைத்தாறு மிதந்தது. முறுக்கு டப்பா முழுகியது. யாரோ ஒரு டிராக்டர்காரர் பின்பக்கமாகக் கயிறு கட்டி, என்னைப் புறப்பட்ட கரைக்கே இழுத்துக்கொண்டு வந்து விட்டார். "படகுல போவ வேண்டிய எடத்துக்கு இத எதுக்குங்க ஓட்டிகினு வந்தீங்க?" என்று சிரிப்பு வேறு. கைப்பேசியில் அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

அவள் காலையிலேயே புடவை மாற்றி, பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாளாம். பக்கத்து வீட்டு டிராக்டரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று மாமா சொல்லிப் பார்த்திருக்கிறார். அழைக்க ஆள் வராமல் நானாகப் போய் நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். என்னிடம் மட்டும் சொன்னாள்: "பரவால்லடா. நான் வேணும்னு இருந்தா எப்படியாச்சும் வந்திருப்பீங்க. வந்தா மட்டும் என்ன? அம்மா வாசல்லயே கேக்கும், எப்ப திரும்பிப் போறேன்னு."

அது உண்மைதான். அக்கா வந்து இறங்கினால் அம்மாவின் முதல் கேள்வி அதுதான். "எப்ப கெளம்புற? மாப்பிள்ள தனியா கஷ்டப்படுவாரே." அக்கா எதையாவது சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டால், "அனுசரிச்சிப் போடி" என்பதோடு அம்மா பேச்சை முடித்துவிடுவாள். பாசம் இல்லாமல் இல்லை, பயம். பெண் வாழாமல் வந்துவிட்டாள் என்று தெரு பேசிவிடுமோ என்கிற பயம். ஆனால் அது அக்காவுக்கு எப்படிக் கேட்டிருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அடுத்த தீபாவளிக்கு அக்காவை வீட்டுக்குக் கொண்டுவராவிட்டால் நான் ஜீப் ஓட்டுவதற்கே லாயக்கில்லை என்று முடிவு பண்ணினேன்.

துறைமுகம் போகிற வழியில் ஒரு பட்டறை. அதன் மெக்கானிக்கிடம் வண்டியை உயர்த்த வேண்டும் என்றேன். "ஒசத்திடலாம் மாஸ்டர். ஆனா ஒண்ணத் தொட்டா எல்லாத்தயும் தொடணும்" என்றார். எனக்கு அவ்வளவு பொறுமை ஏது? ஸ்பிரிங் பட்டையைச் சட்டத்தோடு கோத்துப் பிடிக்கிற இரும்புக் காதை மட்டும் நீளமாகப் போடச் சொன்னேன். வண்டி ஜம்மென்று நிமிர்ந்தது. ஓட்டினேன். பிரேக் போட்டால் சாமி வந்த மாதிரி ஆடியது. நான் நேராகப் பிடித்தால் அது பெட்டிக்கடைப் பக்கம் போனது. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது என் தலை கூரையில் இடித்தது. கீழே குனிந்து பார்த்தால், பிரேக் எண்ணெய் போகிற பழைய ரப்பர் ஹோஸ் எட்டாமல் எட்டி, இப்பவோ அப்பவோ என்று விறைத்துக்கொண்டிருந்தது.

"புள்ள வளந்தா சட்ட மட்டும் எடுத்தாப் பத்துமா மாஸ்டர்? டவுசரும் எடுக்கணும்ல" என்றார் மெக்கானிக். அவர் சிரித்த சிரிப்பில் எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு சரி என்றேன்.

அதற்கப்புறம் சனி, ஞாயிறு எல்லாம் பட்டறைதான். நான் சும்மா உட்காரவில்லை. சார்ட் பேப்பரில் ஜீப்பைப் பக்கவாட்டில் அளவெடுத்து வரைந்தேன். தண்ணீர் எதுவரை வரும் என்று நீலத்தில் கோடு. அந்தக் கோட்டுக்கு மேலே என்ஜின். அதற்குத் தகுந்தாற்போல் வளைவு கூட்டின கனமான பட்டைகள், குலுக்கலைத் தாங்குகிற நீளமான ஷாக் அப்சர்பர்கள், நீளமான பிரேக் ஹோஸ், பெரிய டயர். உயரம் கூடினதால் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற ஷாஃப்ட்டும் எட்டவில்லை, அதையும் மாற்றினோம். வெல்டிங் வைக்க உட்கார்ந்தால் கரெக்டாகக் கரண்டு போகும். போனால் டீ. கரண்டு வந்தால் டீக்கடையிலிருந்து மெக்கானிக் வர மாட்டார். ஜீப்பில் ஏறுகிற பக்கம் துருப்பிடித்துத் தொங்கின கால்படியை, தண்ணீருக்குள் எங்காவது மாட்டி இழுக்கும் என்று அறுத்துப் போட்டோம். படத்திலும் அதை அழித்தேன். படம் அத்தனை சுத்தமாக இருந்தது!

தேவனாம்பட்டினத்து மணலில் ஓட்டிப் பார்த்தோம். சொன்னால் சொன்னபடி கேட்டது. பள்ளத்தில் விழுந்தால் ஒரே ஒரு முறை அமுங்கி எழுந்தது, அவ்வளவுதான். மெக்கானிக் இந்தப் பக்கம் தாவி ஏறுவார், நான் அந்தப் பக்கம் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கி ஏறுவேன். அம்மாவையும் கூப்பிட்டேன். "எனக்கெதுக்குடா அந்த ஒசரம்? நான் பஸ்ல போறேன்" என்று கிட்டேகூட வரவில்லை.

அந்த வருஷமும் மழை ஏமாற்றவில்லை. தீபாவளிக்கு முன்தினம் வாழைத்தாறு, புதுத்துணி, முறுக்கு டப்பா எல்லாவற்றோடும் கிளம்பினேன். போன வருஷம் நின்ற இடம் வந்தது. கண்ணை மூடிக்கொள்ளலாம் போலிருந்தது. ஜீப் பாட்டுக்குப் போனது. தண்ணீர் இரண்டு பக்கமும் விலகி வழிவிட்டது. கரையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். ராஜா மாதிரி போய் அக்கா வீட்டு வாசலில் நிறுத்தினேன்.

அக்கா பையோடு தயாராக நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு. ஜீப் கிட்டே வந்தாள். ஏறுகிற இடம் அவள் இடுப்புக்கு வந்தது. புடவையை ஒரு கையால் பிடித்துக் காலைத் தூக்கிப் பார்த்தாள். ஊஹூம். மறுபடி பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"ஏன்டா, இதுல எப்பிடிடா ஏறுறது?"

பட்டை போட்டேன், ஷாக் போட்டேன், ஹோஸ் போட்டேன். யாருக்காக இவ்வளவும் பண்ணினேனோ அந்த மனுஷியை மட்டும் படத்தில் போடவில்லை!

"மச்சான், வண்டிய ஒசத்துனீங்க. எங்க வூட்டம்மாவ யாரு ஒசத்தறது?" என்று மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்தார். சேற்றில் நாலு காலும் இறங்கி, அக்கா ஏறுவதற்கு முன்னால் நாற்காலி உட்கார்ந்துவிட்டது. பின்னாலிருந்து தள்ளிவிடுகிறேன் என்று வந்தவரை, "தெருவே பாக்குது, கைய வெச்சீங்கன்னா தெரியும்" என்று அக்கா விரட்டினாள். கடைசியில் மாமா உள்ளே போய்ப் பெரிய பித்தளை அண்டாவை உருட்டிக்கொண்டு வந்து, வண்டி ஓரமாகக் கவிழ்த்துப் போட்டார். அக்கா கல்யாணத்துக்கு அம்மா சீராகக் கொடுத்த அண்டா.

"ஐயையோ, அம்மா குடுத்தது மேல கால வெக்கறதா!" என்று அக்கா பதறினாள். வேறு வழியும் இல்லை. அண்டாவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அதன்மேல் ஏறி, ஜீப்பில் உட்கார்ந்தாள். ஊரே வேடிக்கை பார்த்தது.

"அங்க போயி எப்பிடி எறங்குவ?" என்றார் மாமா. அதுவும் சரிதான். அண்டாவையும் பின்னால் ஏற்றினோம். மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு பண்ணிவிட்டு விடிந்து பஸ்ஸில் வருகிறேன் என்று மாமா நின்றுவிட்டார். வழியெல்லாம் அண்டா டங்கு டங்கு என்றது, அக்கா பேசிக்கொண்டே வந்தாள். பரங்கிப்பேட்டை பிரியும் இடம் தாண்டினதும் மட்டும் கொஞ்சம் அடங்கினாள். "இன்னிக்காவது எப்ப போறேன்னு கேக்காம இருக்குமாடா?" என்றாள். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

எங்கள் வாசலில் முதலில் இறங்கினது அண்டா. நான்தான் இறக்கித் தெருவில் கவிழ்த்தேன். அந்தச் சத்தத்துக்கு அம்மா வெளியே வந்தாள். தான் சீராகக் கொடுத்த அண்டாவைப் பார்த்தாள். அதன்மேல் கால் வைத்து இறங்குகிற பெண்ணைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். கூட மாப்பிள்ளை இல்லை. எதிர்வீட்டு அம்மாள் படியிறங்கி வந்து, "என்னக்கா, பொண்ணு சீர் பாத்திரத்தோட வந்து எறங்குது?" என்று இழுத்தாள்.

எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். சண்டை போட்டுக்கொண்டு, வாழாமல் வந்துவிட்டாள்.

அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் குனிந்து அண்டாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "எம்பொண்ணு எத்த வேணா எடுத்தாருவா. இது அவ வூடு. உனக்கு என்னா?" எதிர்வீட்டு அம்மாள் வந்த வழியே போனாள். அம்மா அக்காவின் கையைப் பிடித்தாள். "நீ எதும் சொல்லாத. நான் எதும் கேக்கல. உள்ள வா, சாப்புடு. நான் இருக்கேன்ல."

நான் விஷயத்தைச் சொல்லப் போனேன். அம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து அக்கா என்னைப் பார்த்து முறைத்தாள், வாயில் விரல் வைத்தாள். கண் நிறைந்திருந்தது. போய்ச் சாப்பிட உட்கார்ந்தாள். இரண்டு தரம் ரசம் கேட்டு வாங்கினாள். அம்மா அவள் தலையைத் தடவிக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாள். எப்போது போகிறாய் என்று கேட்கவே இல்லை.

சாயங்காலம் மாமாவிடமிருந்து போன் வந்தது. அம்மாதான் எடுத்தாள். "அத்தை, வண்டியில ஏறி எறங்கக் குடுத்தனுப்புன அந்த அண்டாவ, திரும்பி வரும்போது மறக்காம எடுத்தாரச் சொல்லுங்க, தண்ணி காய வெக்க வேற ஏனம் இல்ல" என்றாராம் மாமா. அவ்வளவுதான், குட்டு உடைந்தது. அம்மா கரண்டியோடு என்னை வாசல் வரைக்கும் துரத்தினாள். "படி வெக்கத் தெரியாத நீயெல்லாம் ஒரு டிராயிங் மாஸ்டரா!" அக்கா சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்தாள். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியவில்லை.

தீபாவளி முடிந்த கையோடு பட்டறைக்குப் போய் ஜீப்புக்கு நல்ல கால்படி ஒன்று அடித்து மாட்டினேன். மறுவருஷம் அழைக்கப் போனபோது அக்கா அதில் கால் வைத்துச் சுலபமாக ஏறி இறங்கிப் பார்த்தாள். "நல்லா இருக்குடா" என்றாள். உள்ளே திரும்பி மாமாவைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, அந்த அண்டாவ எடுத்தாங்க."