பரீட்சையிலும் உப்பு உப்புதான்

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது. சனிக்கிழமை மறந்ததை ஞாயிற்றுக்கிழமை முழுக்க நினைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். போன ஞாயிறு மதியம் மேல்வீட்டு ஃப்ராவ் கெல்னர் எங்கள் வீட்டு மணியை அடித்தார். படிக்கட்டில் பார்த்தால் ஒரு "ஹலோ"வுக்கு மேல் செலவழிக்காத அம்மாள். கையில் சின்னக் கிண்ணம். அடுப்பில் சூப் கொதிக்கிறதாம், உப்பு தீர்ந்துவிட்டதாம். முன்கூட்டியே நேரம் வாங்காமல் ஒரு ஜெர்மானியர் அடுத்த வீட்டு வாசலில் நிற்பதென்றால் என்ன அர்த்தம் என்று இங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். ஊரில் இருப்பவர்களே, நீங்கள் நம்ப மாட்டீர்கள். உப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு வாசல்வரை போன நான் அங்கேயே நின்றுவிட்டேன். அதற்குக் காரணம் சொல்ல என் மனைவி செல்வி எழுதிய பரீட்சையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அதற்கு முன்னால் என் பெருமையைக் கொஞ்சம் பேசிவிடுகிறேன். ஜவ்வாது மலையில் புதூர்நாட்டுப் பக்கம் பிறந்தவன் நான். பிழைக்க இறங்கிய வாணியம்பாடித் தோல் தொழிற்சாலையில் உருது வந்தது. முதலில் வசவு, பிறகுதான் வாக்கியம். மேலதிகாரிகளுக்கு மின்னஞ்சல் எழுதி எழுதி ஆங்கிலம் வந்தது. கார் இருக்கைக்குத் தோல் போடும் வேலைக்காக ஜெர்மன் படித்து விமானம் ஏறினேன். இறங்கிய பிறகு முதலில் தேவைப்பட்டதோ துருக்கி மொழி. எங்கள் ஃபோர்மேன் துருக்கிக்காரர், பக்கத்து மேசைக்காரரும் துருக்கிக்காரர். ஜெர்மானியர்கள் மாடியில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள், ஜெர்மன் மொழியும் அவர்களோடு மாடியிலேயே இருந்தது. விடுமுறைக்குப் போனால் ஊர் டீக்கடையில் "அஞ்சு பாஷை பேசறவரு" என்று எனக்கு நாற்காலி இழுத்துப் போடுவார்கள். நானும் கூச்சமில்லாமல் உட்காருவேன்.

செல்விக்கு யாரும் நாற்காலி போட்டதில்லை. சின்ன வயதிலிருந்தே பெற்றோரோடு மிளகு பறிக்கக் கேரளாவுக்கும் காப்பித் தோட்ட வேலைக்குக் குடகுக்கும் போனவள் அவள். மலையாளத்தில் கூலி பேசுவாள், கன்னடத்தில் சண்டை போடுவாள், தெலுங்கில் கதை கேட்பாள். ஆனால் ஊரில் அவளுக்குப் பெயர் "நாலு ஊர் சுத்தினவ". அலுவலகத்தில் உட்கார்ந்து பேசினால் அது மொழி, குனிந்து வேலை செய்துகொண்டு பேசினால் அது வெறும் சத்தம் என்பது நம்மவர்கள் கண்டுபிடிப்பு.

கல்யாணமான பிறகு நான் இங்கே, அவள் அங்கே. மனைவி கணவனிடம் வந்துசேர ஆரம்பநிலை ஜெர்மன் தேறியாக வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். வந்துசேர்ந்த பிறகு அவள் கணவனை எந்த மொழியில் திட்டுவாள் என்று சட்டம் யோசிக்கவில்லை. வேலூரில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்த்துவிட்டேன். அவளுக்குத் தெரிந்த மொழிகள் தமிழ், கொஞ்சம் ஆங்கிலம் என்று மையத்துக்காரர் தாமே முடிவுகட்டினார். மற்றதையும் சொன்னதற்கு, "அதெல்லாம் சும்மா பேசற பாஷைம்மா, படிச்சதில்லியே" என்றாராம். பேச்சுத் தேர்வுக்குத்தான் அவர் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார்.

அங்கே எல்லோருக்கும் ஒரே பதில்கள். பொழுதுபோக்கு புத்தகம் படிப்பது, இசை கேட்பது. செல்வியும் அதைப் பிசகாமல் ஒப்பித்தாள். தேர்வாளர் சும்மா இருக்காமல், "என்ன புத்தகம் படிக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டார். அதற்கு மையத்தில் பதில் கொடுத்திருக்கவில்லை. முதல் தடவை தோற்றாள். சேர்ந்து வாழ்ந்ததைவிடக் கைப்பேசியில் வாழ்ந்ததே அதிகமாகிவிட்ட குடித்தனம் எங்களுடையது. இரண்டாவது தடவையும் போனால் வேலையை உதறிவிட்டு ஊருக்கே திரும்புவதென்று முடிவுசெய்திருந்தேன். அவளிடம் சொல்லவில்லை. பயமாக இருந்தது.

ஆகவே நானே வாத்தியார் ஆனேன். தேர்வின் கடைசிப் பகுதியில் ஓர் அட்டையில் பொருளின் படம் வரும். ஒருவர் அதைக் கேட்க வேண்டும், மற்றவர் பதில் சொல்ல வேண்டும். ஒருநாள் வீடியோ அழைப்பில், "தயவுசெய்து உப்பைத் தர முடியுமா?" என்று ஜெர்மனில் கேட்டேன்.

"நைன்" என்றாள். முடியாதாம்.

"'யா, கெர்ன' சொல்லணும். தாராளமா தர்றேன்னு."

"வெளக்கு வெச்சாச்சுங்க. இந்நேரத்துல யாராவது உப்பு குடுப்பாங்களா?"

"இது பரீட்சை, செல்வி!"

"பரீட்சைன்னா இன்னா, உப்பு உப்பில்லாம பூடுமா?"

எனக்கு மதிய இடைவேளை, அவளுக்குப் பின்னால் மாடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கத்திவிட்டு வைத்துவிட்டேன்.

தேர்வு சென்னையில் நடந்தது. கூட்டம் அதிகம், அவள் முறை வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. ஜோடியாக உட்கார்ந்த மலையாளி நர்ஸ் பெண் எடுத்த அட்டையில், சொல்லிவைத்த மாதிரி உப்புக் குடுவை. அந்தப் பெண் பணிவாகக் கேட்டாள். செல்வி சன்னலைப் பார்த்தாளாம். "மன்னிக்கவும், எங்கள் பக்கம் மாலையில் உப்பு தர மாட்டோம்" என்று ஜெர்மனில் சொன்னாளாம். தேர்வாளர் நிமிர்ந்து, "வாரும்?" என்று கேட்டார். ஏன் என்று அர்த்தம். "கொடுத்தால் வீட்டு அதிர்ஷ்டமும் கூடவே போய்விடும். நாளைக் காலையில் வாருங்கள், தருகிறேன்."

அன்றிரவு அவள் இதைச் சொன்னபோது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "எங்கிட்ட வர்றதுக்கு படத்துல கீற உப்பக்கூடக் குடுக்க மனசு வர்லியா உனக்கு?" என்று கேட்டேன். அவள் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அதை எந்த மொழியிலும் காட்டிக்கொள்ளாமல் அழைப்பைத் துண்டித்தேன்.

முடிவு வந்தது. தேறிவிட்டாள், அதிலும் பேச்சில்தான் அதிக மதிப்பெண். அன்று முழுக்க "யா, கெர்ன" கேட்டுக் காது புளித்த தேர்வாளருக்குத் தன் சொந்தப் பதிலைச் சொன்ன ஒருத்தி கிடைத்திருக்கிறாள் என்று நினைக்கிறேன். அதற்குள் பயிற்சி மையம் அவள் படத்தைப் பேனரில் போட்டு, தங்கள் பயிற்சியின் வெற்றி என்று வாசலில் கட்டிவிட்டது.

இங்கே வந்து சில மாதங்களில் செல்வி காய்கறிக்காரரிடம் துருக்கியில் பேரம் பேச ஆரம்பித்துவிட்டாள். ஃப்ராவ் கெல்னர் மணியடித்த மதியம் அவள் கூடத்தில் ஊரில் இருக்கும் தன் அம்மாவோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். நான் டப்பாவோடு திரும்பிப் பார்த்தேன். எங்கள் சன்னல் முழுக்க வெயில். கைப்பேசித் திரையில் மாமியாருக்குப் பின்னால் அதே மாடம், அதே விளக்கு, எரிந்துகொண்டிருந்தது.

"இன்னா நிக்கிறீங்க? குடுங்க" என்றாள் செல்வி.

"வெளக்கு வெச்சுட்டாங்களே."

"வெளக்கு அங்க. இங்க வெயிலு மண்டையப் பொளக்குது. குடுங்க, அந்தம்மாவுக்கு சூப்பு ஆறிடப் போவுது."

திரையிலிருந்து மாமியார், "யாருக்கும்மா? இந்நேரத்துல உப்பா? குடுக்காதம்மா!" என்று பதறினார்.

கிண்ணத்தை நீட்டியபடி ஃப்ராவ் கெல்னர் காத்திருந்தார். படத்தில் இருந்த உப்புக்காகப் பெண்டாட்டியை அழவைத்தவன் நான். எனக்குக் கை நீளவில்லை. டப்பாவை வாசற்படியில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தேன்.

அவரும் சட்டென்று பின்வாங்கினார். "உடம்பு சரியில்லையா? தொற்றுமா?" என்று ஜெர்மனில் கேட்டார்.

"யா" என்றேன். பொய் சொன்ன மாதிரியே இல்லை. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து உப்பை டப்பாவோடு எடுத்துப் போனார். நான் கதவைச் சாத்தாமல், பட்டப்பகலில், அவர் ஏறிப்போன படிகளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.