ஆவணி ஒண்ணாம் தேதிக்குக் காத்திருந்த பாட்டு

அமெரிக்க கன்ட்ரி பாட்டுக்கு ஒரு லாரி வேண்டும், ஒரு நாய் வேண்டும், விட்டுப் போன மனைவி ஒருத்தி வேண்டும். ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் அபார்ட்மென்டில் நாய் வளர்க்க சங்கம் அனுமதிக்காது. மேல் மாடியில் இருந்த என் நண்பன் ஓட்டியது ஸ்கூட்டர். மனைவியோ அவனுடைய கிதாரை இருபத்தெட்டு வருஷமாகச் சகித்துக்கொண்டு கூடவே இருந்தாள். இதையெல்லாம் வைத்துத் தமிழில் ஒரு கன்ட்ரி பாட்டு எழுதித் தரச் சொன்னான். பத்திரிகையில் நகைச்சுவைப் பத்தி எழுதுகிறவனுக்கு எதுவும் எழுத வரும் என்று நம்பிய ஒரே ஆத்மா அவன்தான்.

அவசரம் இருந்தது. அவளுக்குப் புற்றுநோய். டாக்டர் மாதக் கணக்கில்தான் பேசினார். போவதற்குள் புருஷன் பாட்டு வெளியே வந்து, தான் அதைக் கேட்டுவிட வேண்டும் என்பது அவள் ஆசை.

நந்தனத்தில், மாடியில் ஒரு சின்ன ஸ்டுடியோ. பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலில் மூன்று டேக் போயிற்று. சவுண்டு பார்த்த பெண், "சார், ஜலதோஷமா?" என்றாள்.

"இல்லம்மா, கன்ட்ரின்னா மூக்காலதான் பாடணும்."

"அப்ப மைக்கைக் கொஞ்சம் மேல தூக்கிடறேன்."

சிரித்துவிட்டு அவன் பாடியது நாலாவது டேக். அதுதான் பாட்டு.

எல்லாம் முடிந்து அது என் போனுக்கு வந்து சேர்ந்தபோது ஆடி பிறந்து இரண்டு நாள். அன்றே வெளியிட்டிருக்கலாம். ராகு காலத்தைக் கிண்டல் செய்தே பாதிப் பத்திகளை ஒப்பேற்றியவன் நான். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "ஆடியில வேணாண்டா, முதல் பாட்டு. ஆவணி ஒண்ணு போட்டுடு."

அவனும் அந்தத் தேதியில் தானாக வெளிவரும்படி குறித்து, பாட்டை ஒரு ஆப்பில் ஏற்றிவிட்டான். அதுவரை அவளுக்குப் போட்டுக் காட்டக்கூடாது என்பது அவன் போட்ட சட்டம். "அவளே போன்ல தேடி, என் படத்தைப் பார்த்து, தட்டிக் கேக்கணும்டா."

ஆடி பாதியில் அவளைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவன் மருந்து வாங்கக் கீழே போயிருந்தான்.

"அண்ணா, நீங்களாவது போடுங்களேன். ரெண்டு வரி போதும். அவர்கிட்ட சொல்ல மாட்டேன்."

பாட்டு என் சட்டைப்பையில்தான் இருந்தது.

"இன்னும் பதினாறே நாள்தாம்மா. காலங்கார்த்தால நீயே தேடிப் பிடி."

"ரெண்டு பேருக்கும் ரொம்பத்தான் கிராக்கி," என்று சிரித்தாள்.

மூன்றாம் நாள் போய்விட்டாள். அவள் கேட்ட அந்த இரண்டு வரியைப் பற்றி அவனிடம் நான் இதுவரை சொல்லவில்லை.

காரியமெல்லாம் முடிந்தது. குறித்து வைத்த தேதியை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. ஆவணி ஒண்ணாம் தேதி காலையில் பாட்டு தானாக வெளிவந்துவிட்டது. எங்கள் வாட்ஸப் குழுவில் இரங்கல் செய்திகளுக்குக் கீழேயே 'வாழ்த்துகள்', 'சூப்பர் சார்', கைதட்டும் பொம்மைகள். மாடி ஏறினேன்.

அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "தேடினேன். வந்துடுச்சு," என்றான். தட்டினான். மூன்று நிமிஷமும் இரண்டு பேரும் கேட்டோம். நன்றாகத்தான் இருந்தது, மூக்கால்.

பாட்டு முடிந்ததும் கேட்டான், "டேய், ஆடின்னு சொன்னியே. நீ அதெல்லாம் நம்பறியா?"

"இல்லடா."

போனை மெதுவாகக் கவிழ்த்து வைத்தான்.

"நானும் நம்பலைடா," என்றான்.