மூன்றாம் அட்டவணையில் இருந்த ஐந்து

ஒரு மருத்துவ சஞ்சிகையின் நம்பகத்துக்கு விலை போட முடியாது என்பார்கள். ஏன் முடியாது? ஆறு மட்டன் றோல்ஸ். கொஞ்சம் இழுத்துப் பிடித்திருந்தால் எட்டுக்குப் படிந்திருக்கும்.

இது கட்டின கதை இல்லை. நடந்தது, நடந்தபடியே. நம்பாதவர்கள் ஜெசிதாவையே கேட்டுப் பார்க்கலாம். பகலில் மட்டும் கேளுங்கள்.

மானிப்பாயில் ஒரு வீட்டின் முன்னறையில் இருந்து அந்தச் சஞ்சிகை வருகிறது, இணையத்தில் மட்டும். ஆசிரியர் கிளரன்ஸ், ஓய்வு பெற்ற டொக்டர். மற்ற வேலை எல்லாம் ஜெசிதா. டொக்டர் பிறேமின் கட்டுரையில் பிழை இருப்பதைக் கண்டவளும் அவள்தான். மூன்றாம் அட்டவணை. குழந்தைகளுக்கான வலிப்பு மருந்து அரை மில்லி என்று இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து மில்லி என்று ஏறியிருந்தது. மூன்று மாதமாக அப்படியே கிடந்திருக்கிறது.

இதற்கென்று ஒரு முறை உண்டு. கட்டுரையின் தலைமாட்டில் அறிவித்தல் போட வேண்டும்: முன்பு இப்படி இருந்தது, இன்ன திகதியில் இப்படித் திருத்தினோம் என்று. பிறேமுக்கோ பதவி உயர்வு நேர்முகம் நெருங்கிக்கொண்டிருந்தது. மனுசன் றோல்ஸ் பெட்டியோடு வந்து நின்றார்.

"உதுக்குப் போய் ஊரைக் கூட்டுறதே?" என்றார் கிளரன்ஸ். "பழசைத் தூக்கிப்போட்டுப் புதுசை வையும், பிள்ளை."

"ஆராவது பழசை வாசிச்சிருந்தா, சேர்?"

"எங்கடை சஞ்சிகையை ஆர் வாசிக்கினம்? றோல்ஸ் ஆறப்போகுது, சாப்பிடும்."

சாப்பிட்டாள். ஐந்து போய் அரை வந்தது. அறிவித்தல் இல்லை. பழைய கோப்பை அழித்தும் விட்டாள்.

ஐந்து மாதம் போனது.

கார்த்திகை மாதம். மாலை ஆறு பத்து. கிளரன்ஸ் போய்விட்டார். மழை விடட்டும் என்று ஜெசிதா கேற்றைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். திடீரென்று கரண்ட் போனது. மேசைக்குக் கீழே யூ.பி.எஸ். கத்தத் தொடங்கியது.

பீப்... பீப்...

"அக்கா."

வாசலில் ஓர் இளம் பெண். கழுத்தில் வைத்தியசாலை அடையாள அட்டை. அது மறுபக்கம் திரும்பிக் கிடந்தது.

"டொக்டர் பிறேமின்ரை கட்டுரை... மூண்டாம் அட்டவணையை ஒருக்கா காட்டுங்கோ."

"கரண்ட் இல்லைத் தங்கச்சி. நாளைக்கு வாங்கோவன்."

"நாளைக்கு ஏலாது."

அப்போதுதான் ஜெசிதா கவனித்தாள். வெளியே சோவென்று மழை. இவளின் சேலையில் ஒரு துளி ஈரமில்லை. அதோடு... கேற் பூட்டியிருக்கிறதே?

பீப்... பீ...

யூ.பி.எஸ். நின்றுவிட்டது. திரை அணையவில்லை.

திரையில் பிறேமின் கட்டுரை. மூன்றாம் அட்டவணை. அதில்...

ஐந்து.

அவள் அழித்த ஐந்து.

"நான் வாசிக்கேக்கை உதுதானே இருந்தது?"

குரல் வாசலில் இருந்து வரவில்லை. தோளுக்குப் பின்னால் இருந்து வந்தது.

"ஓ... ஓம்."

"அதை எழுதிப் போடுங்கோ."

ஜெசிதா திரும்பவில்லை. விசைப்பலகையில் அடித்தாள். முன்பு ஐந்து. இப்போது அரை. மாற்றியதைச் சொல்லாமல் விட்டோம்.

வெளியிட்டாள்.

திரை இருண்டது.

கரண்ட் வந்தபோது அறையில் ஒருவரும் இல்லை. கேற்றில் சங்கிலி போட்டபடியே இருந்தது. அறிவித்தல் இணையத்தில் ஏறியிருந்தது, நேரம் 6.24 என்று. அந்த நேரம் றவுட்டருக்கும் கரண்ட் இல்லை.

காலையில் கிளரன்ஸ் துள்ளினார். "ஆரைக் கேட்டுப் போட்டனீர்? எடும் உதை!"

"நீங்களே எடுங்கோ சேர். பின்னேரம், தனிய இருந்து."

கிளரன்ஸ் அவள் முகத்தைப் பார்த்தார். எடுக்கவில்லை.

பத்து மணிபோல ஒரு தொலைபேசி அழைப்பு.

"நான் றமேஸ். டொக்டர் ஜெயகௌரியின்ரை அண்ணை. உங்கடை அறிவித்தலைப் பாத்தன்..." விட்டு விட்டுச் சொன்னார். தங்கை கொடுத்த மருந்தில் ஒரு குழந்தை இறந்திருக்கிறது. விசாரணையில், ஐந்து மில்லி என்று கட்டுரையில் வாசித்ததாகச் சொல்லியிருக்கிறாள். விசாரித்தவர்கள் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தார்கள். அரை.

"பொய் சொல்லுறாள் எண்டு எழுதிப்போட்டாங்கள். அண்டிரவு படுத்தவள்... எழும்பேல்லை."

"எப்ப?" என்றாள் ஜெசிதா.

"இண்டைக்கு முப்பத்தோராம் நாள். அந்தியேட்டி செய்து அவளை வழியனுப்பிப்போட்டு இப்பதான் கீரிமலையாலை வாறம்."

அந்தச் சஞ்சிகையில் எந்தக் கட்டுரையையும் மின்னஞ்சல் முகவரி கொடுத்துத்தான் திறக்க முடியும். ஐந்து இருந்த மூன்று மாதத்தில் பிறேமின் கட்டுரையைத் திறந்தவர்கள் முப்பத்தேழு பேர், ஜெயகௌரியும் சேர்த்து. அத்தனை பேருக்கும் அன்றே ஜெசிதா திருத்தத்தை அனுப்பினாள். கிடைத்தது என்று ஒரு வரி பதில் கேட்டாள்.

வந்த பதில்கள் முப்பத்துநான்கு. பாக்கி மூன்று.

அந்த மூன்றில் ஜெயகௌரியின் பெயர் இல்லை.