கண்ணாடிக்காரி வாய் திறந்த மாலை

மன்னார் பஜாரில் நாங்கள் மூன்று பெண்கள் வேலை செய்த தையல் கடையில், தைத்த சட்டைகளைவிட அதிகமாகக் கைபட்டது ஒரு பேயின் கதைதான். அவளுக்கு நாங்கள் வைத்த பட்டம் கண்ணாடிக்காரி. போர் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கூரைகளில் டிஷ் அன்டனாக்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம். இந்தியத் தொலைக்காட்சி ஒன்றில் வார நாட்களில் மாலை ஏழரைக்கு அவளுடைய தொடர் போகும். ஏழரைக்கு எங்கள் வீட்டில் யாராவது கதவைத் தட்டினால், அவர் விளம்பர இடைவேளை வரைக்கும் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

கதை இதுதான். பெரிய வீடொன்றுக்கு மருமகளாக வந்தவள், புருசனின் தமையன் செய்த களவொன்றைக் கண்டுவிடுகிறாள். அவன் அவளை வீட்டுக் கிணற்றில் தள்ளிவிடுகிறான். கால் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று மற்றவர்கள் நம்புகிறார்கள். செத்தவள் அந்த வீட்டுக் கண்ணாடிகளில் தோன்றத் தொடங்குகிறாள். பார்ப்பாள், அவ்வளவுதான். ஒரு சொல் பேசமாட்டாள். மாதக்கணக்காக அந்த வீட்டு ஆட்கள் தலை சீவினார்கள், பொட்டு வைத்தார்கள், பல் துலக்கினார்கள். அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

எனக்கு அவள்மேல் பைத்தியம். பயமும் இருந்தது, பாசமும் இருந்தது, எது எவ்வளவு என்று பிரிக்கத் தெரியாது. எங்கள் அலுமாரிக் கண்ணாடியைப் பழைய படுக்கை விரிப்பால் மூடி வைத்தேன். என் கணவர் ஓட்டோ ஓடுகிறவர். காலையில் விரிப்பை விலக்க விடமாட்டேன் என்பதால், வெளியே போய் ஓட்டோவின் பக்கக் கண்ணாடியில் குனிந்து தலை சீவினார். அதைப் பார்த்து உப்புக்குளத்தில் எங்கள் ஒழுங்கை முழுவதும் சிரித்தது. அதற்கும் அவர் கோபப்படவில்லை. அந்தக் கண்ணாடியில் அவள் வந்தால் அவளை ஆஸ்பத்திரிக்கு இலவசமாகக் கொண்டுபோய் விடுகிறேன் என்று மட்டும் சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை தொடர் முடிந்ததும் அடுத்த பாகத்திலிருந்து ஒரு துண்டு காட்டினார்கள். கண்ணாடிக்குள் அவளுடைய முகம். உதடுகள் மெல்லப் பிரிகின்றன. "திங்கட்கிழமை அவள் பேசுவாள்" என்று ஒரு ஆண் குரல் உறுமியது. நான் கதிரையிலிருந்து எழும்பி, என்ன செய்வதென்று தெரியாமல், குசினிக்குப் போய் வெறும் அடுப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

சனிக்கிழமை கடையில் தையல் மெசின்கள் பேருக்குத்தான் ஓடின. அவள் சொல்லப்போகும் முதல் வார்த்தை என்ன? அடம்பனிலிருந்து பஸ்ஸில் வருகிற தங்கச்சி, எங்கள் மூவரிலும் இளையவள், கொலைகாரனின் பேரைத்தான் சொல்வாள் என்று அடித்துச் சொன்னாள். நான், புருசனைக் கூப்பிடுவாள் என்றேன். மூன்றாமவர் எருக்கலம்பிட்டி முஸ்லிம் பெண், எனக்கு மூத்தவர். அவர்கள் அக்காவைக் கூப்பிடுவதுபோல நானும் ராத்தா என்று கூப்பிடுவேன். அவர் பொத்தான் ஓட்டையைத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்துவிட்டு, "பேரைச் சொல்லுறதுக்கா ஒரு பேய் இவ்வளவு காலம் பொறுத்திருக்கும்?" என்றார்.  துணி வெட்டிக்கொண்டிருந்த முதலாளி தலையை நிமிர்த்தாமல், வாயைத் திறந்தால் நாடகம் முடிந்துவிடும், ஆகவே திறக்க விடமாட்டார்கள் என்றார். அன்று பின்னேரம்வரை அவருக்கு எங்கள் பக்கத்திலிருந்து தேத்தண்ணி போகவில்லை.

திங்கட்கிழமை காலையிலிருந்தே மழை. காற்று கடல் பக்கத்திலிருந்து தகரங்களைத் தட்டிக்கொண்டு வந்தது. நான் வேலையால் ஓடிவந்து, சோறும் மீன் குழம்பும் ஆக்கி மூடிவைத்துவிட்டு, தலைமுழுகி, சுத்தமான உடுப்பு மாற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். பூசைக்குப் போகிறாயா என்று கணவர் கேட்டார். தனக்கு இந்தப் பேய்க்கூத்தில் அக்கறை இல்லை என்று சொல்லிக்கொண்டே, தொலைக்காட்சி தெரிகிற வாசற்படியில் குந்தி, பழுதாகாத டோர்ச் லைட்டைக் கழற்றிப் பூட்டத் தொடங்கினார்.

தொடர் தொடங்கியது. தமையன்காரன் முகச்சவரம் செய்யப் போகிறான். முகம் முழுக்க சவர்க்கார நுரை. சுடுநீர் ஆவியில் கண்ணாடி மங்கிக் கிடக்கிறது. நான் இரண்டு கால்களையும் கதிரையில் தூக்கி வைத்துக்கொண்டேன். அவன் கையால் கண்ணாடியைத் துடைக்கிறான். அவன் முகம். இன்னொரு துடைப்பு. பக்கத்தில் அவள் முகம். என் வாயிலிருந்து வந்த சத்தத்துக்கு எழுத்து இல்லை. கணவரின் கையிலிருந்த டோர்ச்சின் பற்றரிகள் படியில் உருண்டு போயின. அவள் அவனைப் பார்க்கிறாள். அவன் அவளைப் பார்க்கிறான். உதடுகள் பிரிகின்றன.

கரண்ட் போய்விட்டது.

அந்த இருட்டில் நான் கத்துவதற்கு முன்பே ஒழுங்கை கத்தியது. இந்தப் பக்கம் நாலு வீடு, அந்தப் பக்கம் நாலு வீடு, எல்லாவற்றிலிருந்தும் ஒரே நேரத்தில் "ஐயோ". செய்திகளைத் தவிர வேறொன்றும் பார்ப்பதில்லை என்று சொல்லித் திரிந்த முன்வீட்டு மாஸ்டரின் குரல்தான் எல்லாவற்றிலும் உயரத்தில் கேட்டது.

நான் தடவித் தடவிப் போனைத் தேடி எடுத்து ராத்தாவை அழைத்தேன். எருக்கலம்பிட்டிக்கு வேறு பக்கத்தால் கரண்ட் போகிறது என்று யாரோ எப்போதோ சொன்னது ஞாபகம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தார்.

"ராத்தா, இஞ்ச கரண்ட் போயிட்டு. அவ வாயைத் திறந்தவ. என்ன சொன்னவ?"

ராத்தா தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு தாழ்ந்த குரலில், "பொறு புள்ள. இன்னும் சொல்லயில்ல. இப்ப அவள்ட முகத்தத்தான் பெரிசாக் காட்டுறாங்க" என்றார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. போனின் ஸ்பீக்கரைப் போட்டு மேசையில் வைத்தேன். கணவர் மெழுகுதிரியைக் கொளுத்திக்கொண்டு வந்து, அக்கறையில்லாத மனிதர், போனுக்கு மிகக் கிட்டிய கதிரையில் இருந்தார். ரீவிச் சத்தம் கேட்கவில்லையே என்று நான் கேட்டதற்கு, உனக்குச் சொல்வதற்காகத்தான் குறைத்து வைத்திருக்கிறேன் என்றார் ராத்தா. அவருடைய நல்ல மனதை நினைத்து எனக்குக் கண் கலங்கியது.

"இப்ப அவன்ட கை நடுங்குது. பிளேட்டு கன்னத்தில பட்டுட்டு. நுரையில இரத்தம்" என்று ராத்தா சொல்லிக்கொண்டு போனார். "அவள் சிரிக்கயில்ல. கோபமும் இல்ல. விருந்தாளி வீட்டுக்காரர்ட்டக் கேக்கிற மாதிரி கேக்கிறாள்."

"என்னத்தக் கேக்கிறா?"

"'நான் விழுந்த கிணத்துத் தண்ணி இப்ப எப்படி இருக்கு? உப்புத் தட்டுதா?'"

என் முதுகுத்தண்டில் மேலிருந்து கீழே யாரோ ஈரவிரலால் கோடு போட்டது போல இருந்தது. மழை கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ராத்தா நிறுத்தவில்லை. அவன் கீழே ஓடுகிறான். தொண்டை வறண்டு, ஒரு செம்பு தண்ணீரை எடுத்துக் குடிக்கிறான், துப்புகிறான். உப்பு. பானையில் அள்ளிக் குடிக்கிறான். உப்பு. வீட்டுக்காரர் எல்லாரும் கூடிவிடுகிறார்கள். ஆளாளுக்கு அதே தண்ணீரைக் குடித்துப் பார்க்கிறார்கள். இனிப்பாக இருக்கிறதே என்கிறார்கள். அவனுக்கு மட்டும்தான் உப்பு. அவன் தாய் தன் கையால் ஒரு டம்ளர் கொடுக்கிறாள். அதுவும் உப்பு. "அவ்வளவுதான் புள்ள, தொடரும் போட்டுட்டான்" என்று ராத்தா போனை வைத்தார்.

நான் எழும்பி வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். சிரித்தேன். நெஞ்சில் கைவைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தேன். இப்படி ஒரு பாகத்தை என் கண்ணால் பார்க்காமல் போனேனே என்று அழவும் பார்த்தேன். கணவர் மேசையிலிருந்த தண்ணீரை ஒரு மிடறு குடித்துவிட்டு யோசித்துக்கொண்டிருந்தார்.

"எங்கட தண்ணியக் குடிச்சுப் பாத்தா, ஊர் முழுக்கக் கொலைகாரர்தான்" என்றார்.

மறுநாள் காலை கடைக்கு நான் நடந்து போகவில்லை, மிதந்து போனேன். ராத்தா எனக்கு முன்பே வந்து மெசினில் குனிந்திருந்தார். அடம்பன் தங்கச்சி பஸ் பிந்தி வந்தாள். குடையை மடக்குவதற்குள் நான் அவளைப் பிடித்துக்கொண்டு, உப்புத் தட்டுதா என்று கேட்ட இடத்தில் உனக்கு எப்படி இருந்தது என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். என்ன உப்பு என்றாள். நான் கிணறு, செம்பு, தாய் கொடுத்த டம்ளர் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன்.

"அக்கா, அப்படி ஒண்டும் வரேல்ல. அவ வாயைத் திறந்தவ, இடி இடிச்சது, வீட்டாக்கள்ட முகத்தை எல்லாம் மூண்டு மூண்டு தரம் காட்டிப்போட்டு முடிச்சிட்டாங்கள். எங்களுக்குக் கரண்ட் போகேல்ல. நான் முழுக்கப் பாத்தனான்."

நான் விடவில்லை. நீ நித்திரையாகியிருப்பாய் என்றேன். அவள், உங்களுக்குத்தான் காய்ச்சல் என்றாள். குரல்கள் ஏறின. ராத்தாவின் மெசின் மட்டும் முன்னெப்போதும் இல்லாத வேகத்தில் ஓடியது.

அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா சட்டை எடுக்க வந்தார். எங்கள் சண்டையைக் கொஞ்சம் கேட்டுவிட்டு நடுவில் புகுந்தார். கிணற்றுத் தண்ணீர் உப்பான பாகத்தைத் தன் தங்கை கண்ணால் கண்டதாகவும், அவனுக்குக் கண்ணீர்கூட உப்பில்லாமல் வந்ததாகவும் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். எனக்கு வெற்றி. ஆனால் கண்ணீர் விசயம் எனக்கே புதிது. எங்கே கேட்டீர்கள் என்று விசாரித்தால், தங்கை ஆஸ்பத்திரிக்கு வந்த ஓட்டோவில் பேச்சு அடிபட்டதாம். ஓட்டோக்காரர் முழுக்கதையையும் சொன்னாராம். எந்த ஓட்டோ என்று நான் கேட்கவில்லை. விடியற்காலையிலிருந்து எத்தனை பேரை ஏற்றி இறக்கியிருப்பாரோ, அந்த அக்கறையில்லாத மனிதர்.

மத்தியானம் மறு ஒளிபரப்பு. எதிர்த்தாற்போல இருந்த தேத்தண்ணிக் கடையில் தொலைக்காட்சி உண்டு. மூவரும் போய் நின்றோம். முதலாளியும் சுருட்டு வாங்குகிற சாட்டில் வந்தார். நுரை, ஆவி, கண்ணாடி, அவள் முகம். உதடுகள் பிரிந்தன. இடி. பிறகு தமையன் முகம், தாய் முகம், புருசன் முகம், வேலைக்காரி முகம், மறுபடியும் தமையன் முகம். அப்படியே சுற்றிச் சுற்றி வந்து முடிந்துபோனது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. முதலாளி ஒன்றும் பேசாமல் சுருட்டைப் பற்றவைத்தார். அது பேசுவதைவிட மோசமாக இருந்தது.

நான் ராத்தாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாராக்கும் என்று நினைத்தேன். சிரிப்பு.

"எங்களுக்கும் கரண்ட் போயிட்டு புள்ள" என்றார். "நீ போன் எடுக்கக்குள்ள நானும் இருட்டிலதான் இருந்தன். உன்ட குரலக் கேக்கப் பாவமா இருந்திச்சு. அதோட, அவள் என்ன சொன்னாள் எண்டு எனக்கும் தெரியோணுமே."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இடியையும் முகங்களையும் பார்த்த கண்ணோடு, அந்த உப்புத் தண்ணீரை நினைத்தேன். அதுதான் உண்மையான பாகம், இவர்கள் காட்டியது பொய் என்று தோன்றியது. அப்படியே சொன்னேன். தங்கச்சி தான் பார்த்ததற்காக வெட்கப்பட்டவள்போல நின்றாள்.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று கடைக்குத் திரும்பும்போது கேட்டேன். ராத்தா நடந்துகொண்டே சாதாரணமாகச் சொன்னார். தொண்ணூறில் முஸ்லிம்களை எல்லாம் ஊரைவிட்டு வெளியேற்றியபோது அவர் சிறுபிள்ளை. புத்தளத்தில் வளர்ந்து, கலியாணம் கட்டி, போர் முடிந்த பிறகு உம்மாவோடு திரும்பி வந்தார். வீட்டுக்குக் கூரை இல்லை. உம்மா வீட்டைப் பார்க்கவில்லை, நேரே கிணற்றடிக்குப் போனார். பற்றைக்குள் கிடந்த கிணற்றை எட்டிப் பார்த்து, தண்ணி எப்படி இருக்குதோ தெரியாது, உப்புத் தட்டுதோ என்றாராம். "செத்துப்போய்த் திரும்பி வந்தவளும் அதத்தான் கேப்பாள் எண்டு நினைச்சன்" என்றார். மழை நின்றிருந்தது. நாங்கள் ரோட்டிலிருந்த பள்ளங்களைத் தாண்டித் தாண்டிப் போனோம்.

அதன் பிறகு தொலைக்காட்சியில் அவள் இடிக்கு நடுவே பல நாள் வாயைத் திறந்து மூடினாள். கடைசியில் அது தமையன் கண்ட கனவு என்றார்கள். எங்களுக்குக் கவலையில்லை. எங்களுடைய கண்ணாடிக்காரி தினமும் காலையில் தேத்தண்ணிக்குப் பிறகு கடையில் பேசினாள். ராத்தா முதலில் மறுத்தார், தனக்கு அவ்வளவு பொய் வராது என்றார். நாங்கள் விடவில்லை. பிறகு அவரே வீட்டிலிருந்து யோசித்துக்கொண்டு வரத் தொடங்கினார். மார்கழியில் பள்ளிச் சீருடை வேலை தலைக்குமேல் குவிந்தபோதும் முதலாளி தடுக்கவில்லை. கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு, அந்தத் தாய்க்காரிக்குச் சந்தேகம் வந்துவிட்டதா என்று அவரே கேட்டார். என் கணவர் மாலையில் நான் செருப்பைக் கழற்றுமுன் கேட்டுத் தெரிந்துகொண்டு, மறுநாள் ஓட்டோவில் ஏற்றினார்.

நத்தார் பண்டிகை லீவுக்கு முன் கதையை முடித்துவிட வேண்டும் என்று ராத்தா தீர்மானித்துவிட்டார். உப்பைத் தாங்கமுடியாமல் தமையன் கிணற்றுக்குள் இறங்கித் தானே சேற்றை அள்ளுகிறான். அள்ளி அள்ளி, உண்மையையும் சேர்த்து எல்லார் முன்னாலும் வெளியே போடுகிறான். பொலிஸ் வருகிறது. தண்ணீர் தெளிகிறது. அவள் எந்தக் கண்ணாடியிலும் இல்லை.

தங்கச்சிக்குத் திருப்தியில்லை, அவனைக் கிணற்றுக்குள்ளேயே வைத்து முடித்திருக்க வேண்டும் என்றாள். எனக்கோ தண்டனையைப் பற்றி ஒன்றுமில்லை. அவள் போய்விட்டாள் என்பதுதான் தாங்கவில்லை. தைத்துக்கொண்டிருந்த சட்டையின் வலக்கையை இடப்பக்கத்தில் வைத்துத் தைத்துவிட்டேன். ஒரேயொரு கண்ணாடியில், ஒரேயொரு தரம் வரட்டும் என்று ராத்தாவிடம் கெஞ்சினேன். அவர் பிழையாகத் தைத்ததை என்னிடமிருந்து வாங்கிப் பிரித்துக்கொண்டே வெகுநேரம் யோசித்தார்.

"சரி. அவள்ட புருசன் ரெண்டாங் கலியாணம் கட்டுற அண்டைக்கு, மாப்பிள்ளை தலை சீவுற கண்ணாடியில" என்றார்.

தங்கச்சியின் மெசினும் நின்றுவிட்டது. யார் அந்தப் பொம்பிளை, அவனுக்கு எப்படி மனம் வந்தது, இவள் என்ன சொன்னாள் என்று நானும் தங்கச்சியும் ஒருவர் பேச்சில் ஒருவர் விழுந்து கேட்டோம். முதலாளி அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கிட்ட வந்தார். ராத்தா பிரித்த கையைச் சரியாகப் பொருத்தி என் மடியில் வைத்துவிட்டு, லுஹர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பிப் போனார்.