அடுக்களைத் தரையில் கேட்ட தட்டு

தட்டுக்காரர் என்றால்தான் அந்தக் கல்குவாரியில் அவரைத் தெரியும். வெடி வைத்த மறுநாள், ஆட்கள் இறங்குவதற்கு முன்னால், கடப்பாரையால் பாறையைத் தட்டிப் பார்ப்பது அவர் வேலை. கணீரென்றால் கல் கெட்டி. மொத்தென்றால் உள்ளே பிளவு. இந்தப் பழக்கம் மனிதரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது, போங்கள்! யார் வீட்டுக்குப் போனாலும் சுவரை ஒரு தட்டுத் தட்டாமல் உட்கார மாட்டார்.

அவர் வீடு குவாரிக்கு மேலேயே இருந்தது. மற்றவர்கள் செம்மண் மேல் கட்டிக்கொண்டார்கள். இவர் மண்ணை வழித்து, அதன் கீழே கையால் பிசைந்தாலே உதிரும் சொத்தைக் கல்லையும் வழித்து, கருங்கல் தட்டுப்பட்ட பிறகுதான் சுவர் எழுப்பினார். அடுக்களைத் தரை அந்தப் பாறையேதான். கீழே அவர் மூன்று தட்டு தட்டினால் மேலே மனைவியின் பாதத்துக்குத் தெரியும். அவள் குழவியால் பதில் தட்டுவாள். அவர் கல்லில் காதை வைத்துக் கேட்டுச் சிரித்துக்கொள்வார். பிள்ளைகள் இல்லாத அந்த இருவருக்கும் பாதிப் பேச்சு இப்படித்தான் நடந்தது.

சில நாளாக அவள் ஒரு புகார் சொன்னாள்.

"ஏங்க, சாப்பாட்டு நேரத்துல எல்லாம் எதுக்குத் தட்டுறீங்க? பதில் தட்டித் தட்டிக் கை வலிக்குது."

"நான் எங்கடி தட்டினேன்? உன் காதுல வண்டு புகுந்திருக்கும், பாரு."

உலகத்துப் பாறையை எல்லாம் சந்தேகப்பட்ட மனிதர், தன் வீட்டுப் பாறையை மட்டும் ஒரு தடவைகூடத் தட்டிப் பார்க்கவில்லை.

அன்று காலை தட்டினார். பதில் இல்லை. மறுபடி தட்டிக் காதை அழுத்தினார். மூச்சே இல்லை. இடையில் பாறை பிளந்து விட்டுப்போனால்தான் சத்தம் கடக்காது. அவள் அதன்மேல் இருக்கிறாள்! கடப்பாரையும் கையுமாக மேட்டில் ஓடினார்.

அவள் அடுக்களையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து குழவியால் தட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு என்ன வந்துச்சு இவருக்கு, விடவே மாட்டேங்கிறாரு" என்று முணுமுணுத்தவள் நிமிர்ந்தாள். வாசலில் அவர்.

தரைக்கடியில் டொக், டொக், டொக்.

பழக்கத்தில் அவள் கை குழவியைத் தூக்கியது. அவர் பாய்ந்து பிடித்தார்.

"தட்டாதே! எந்திரி, வெளியே வா!"

சாயங்காலத்துக்குள் அடுக்களையோடு பாதி வீடு குவாரிக்குள் போய்விட்டது. பாறை விடும்போது அப்படித்தான் சத்தம் போடும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கினார். அது உண்மையும்கூட.

இப்போது ஊருக்குள் வாடகை வீடு. ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே அவள் கேட்டாள்.

"பாறை விடுற சத்தம்னே வச்சுக்குவோம். விளையாட்டுக்கு நான் ரெண்டு தட்டினா, அதுவும் ஏங்க ரெண்டே தட்டுச்சு?"

பக்கத்துச் சுவரைத் தட்டப் போன அவர் கை பாதியில் நின்றுவிட்டது.